இழுப்பு தணிந்த பிறகும் அணையாதது: ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் அழற்சி

ஆஸ்துமா என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது இழுப்புதான்: மூச்சை வெளியே விடப் படாத பாடு படும் ஒருவர், மார்பிலிருந்து கிளம்பும் விசில் போன்ற ஒலி, கையில் ஓர் இன்ஹேலர், இரண்டு முறை அழுத்தி இழுத்ததும் சில நிமிடங்களில் அடங்கிவிடும் தவிப்பு. இதைப் பார்த்தவர்கள் இயல்பாக வந்து சேரும் முடிவு, மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது, அதை விரித்துவிட்டால் நோய் தீர்ந்தது என்பதாகும். மருத்துவ உலகமும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஏறக்குறைய இந்த முடிவை வைத்துக்கொண்டே ஓட்டியது. ஆனால், இழுப்பே இல்லாத நாட்களிலும் அந்தக் குழாயின் உட்சுவரில் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கும் அழற்சிதான் நோயின் வேர் என்பது பின்னால் தெளிவாயிற்று. அந்த அழற்சி எல்லோரிடமும் ஒரே வகையைச் சேர்ந்ததல்ல என்பதும், எந்த வகை என்று பாராமல் கொடுத்தால் நல்ல மருந்துகூடத் தோற்றுப்போனது போலத் தெரியும் என்பதும் அதற்கும் பிறகு தெரியவந்தன. இரண்டாவது பாடத்தை ஆய்வாளர்கள் ஒருமுறை கற்று, மறந்து, மீண்டும் கற்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைப் புரிந்துகொள்ள முதலில் குழாயின் உட்புறத்தைச் சற்றுப் பார்த்துவிடலாம்.

குழாயின் உள்ளே

தொண்டைக்குக் கீழே தொடங்கும் மூச்சுப் பெருங்குழாய் இரண்டாகக் கிளைக்கிறது. ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. இப்படிச் சுமார் 23 முறை கிளைத்த பிறகே காற்று நுரையீரலின் கடைசி நுண்ணறைகளை எட்டுகிறது. நடுவிலுள்ள ஒரு சிறு குழாயைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், எல்லாவற்றுக்கும் உட்புறத்தில் மெல்லிய சளிப்படலமும், அதைத் தாங்கி நிற்கும் எபிதீலியம் என்னும் உள்ளுறையும் தெரியும். அந்த உறையின் செல்களில் பலவற்றுக்கு மயிரிழை போன்ற நீட்சிகள் உண்டு; அவை ஓயாமல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. இடையிடையே சளியைச் சுரக்கும் கிண்ண வடிவச் செல்கள் இருக்கின்றன. உள்ளுறைக்குக் கீழே ஒரு மெல்லிய அடிச்சவ்வு, அதற்குக் கீழே இரத்த நாளங்களும் நரம்பு முனைகளும் காவல் செல்களும் நிறைந்த தளர்வான திசு, அதையும் சுற்றி வளையம் வளையமாக மென்தசை. ஆரோக்கியமான குழாயில் இந்த அடுக்குகள் எல்லாம் ஒல்லியாகவும் ஒழுங்காகவும் இருக்கும்.

ஆஸ்துமா உள்ளவரின் குழாய் மூன்று வழிகளில் குறுகுகிறது. மென்தசை இறுகுவது ஒன்று. உட்சுவர் நீர்கோத்து வீங்குவது இன்னொன்று. கெட்டியான சளி உள்ளே அடைத்துக்கொள்வது மூன்றாவது. இறுக்கம் சிறிதாக இருந்தாலும் அதன் விளைவு பெரிதாக இருப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காற்று ஒரே சீராக ஓடும் குழாயில் அதன் ஆரம் பாதியாகக் குறைந்தால், ஓட்டத்துக்கான தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு ஏறுகிறது. ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலை உதடுகளுக்கிடையில் பிடித்து, மூக்கை மூடிக்கொண்டு, அதன் வழியாக மட்டும் அரை நிமிடம் மூச்சு விட்டுப் பார்த்தால் இந்தக் கணக்கின் பொருள் மார்பில் உறைக்கும். (ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கத் தேவையில்லை; அவர்களுக்குத்தான் தெரியுமே.) உடனடி நிவாரண இன்ஹேலர்கள் தசையின் இறுக்கத்தை மட்டுமே தளர்த்துகின்றன. வீக்கத்தையும் சளியையும் அவை தொடுவதில்லை என்பது இந்தக் கட்டுரை முழுவதிலும் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி.

அழற்சி என்ற சொல்

'அழல்' என்றால் நெருப்பு. அழற்சி அதிலிருந்து பிறந்தது. உடலின் ஓரிடத்தில் காயமோ கிருமியோ நுழையும்போது இரத்த நாளங்கள் விரிந்து, நீர் கசிந்து, வெள்ளையணுக்கள் அங்கே குவிவதே அழற்சி. சிவத்தல், சூடு, வீக்கம், வலி என்ற நான்கு அடையாளங்களை முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் பதிவுசெய்திருக்கிறார். விரலில் முள் தைத்தால் நான்கையும் கண்ணால் காணலாம். மூச்சுக்குழாயின் உள்ளே நிகழும்போது சிவப்பையும் வீக்கத்தையும் ப்ராங்கோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே செலுத்தினால்தான் பார்க்க முடியும். வலியும் அங்கே வலியாக வராமல், பெரும்பாலும் இருமலாகவும் மார்பு இறுக்கமாகவும் வெளிப்படுகிறது. ஆஸ்துமாவின் அடியிலுள்ள அழற்சி இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அழற்சி தன்னளவில் கெட்டதல்ல. கிருமி வந்தால் அது வேண்டும். வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். ஆஸ்துமாவில் நேர்வது, வரவேண்டாத நேரத்தில் வருவதும் வந்தது போகாமல் தங்கிவிடுவதும்தான்.

ஒவ்வாமை எப்படித் தொடங்குகிறது

ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவை எடுத்துக்கொள்வோம். குழந்தைப் பருவத்தில் தொடங்கும் ஆஸ்துமாவில் பெரும்பகுதி இந்த வகை. மகரந்தம், பூஞ்சை வித்து, வளர்ப்புப் பிராணிகளின் உதிர்தோல், தூசிப்பூச்சி ஆகியவை இதன் வழக்கமான தூண்டுதல்கள். தூசிப்பூச்சி என்பது மெத்தையிலும் தலையணையிலும் நம் தோலின் உதிர்துகள்களைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர். வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு அதுவே முக்கியக் காரணம் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1960களில் காட்டினார்கள். தொல்லை தருவது பூச்சியைக் காட்டிலும் அதன் எச்சத்துகள்கள்தாம். அவற்றில் செரிமான நொதி ஒன்று இருக்கிறது. அது மூச்சுக்குழாயின் உள்ளுறைச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைத்திருக்கும் புரதங்களை வெட்டிவிடக்கூடியது என்பது 1999இல் ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. வேலியைத் தாண்டி வரும் திருடனுக்கும் வேலியையே அறுத்துக்கொண்டு வரும் திருடனுக்கும் வேறுபாடு உண்டல்லவா. இது இரண்டாவது வகை.

இப்படி உள்ளே நுழைந்த துகளைக் காவல் செல் ஒன்று விழுங்கி, அதன் துண்டுகளை அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, டி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குக் காட்டுகிறது. ஒவ்வாமை இல்லாதவரின் டி செல்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடியவரிடமோ அவற்றில் ஒரு பிரிவு, ஒட்டுண்ணிப் புழு நுழைந்துவிட்டது போன்ற எச்சரிக்கையோடு எழுந்து, இன்டர்லூக்கின் எனப்படும் செய்திப் புரதங்களை வெளியிடுகிறது. இன்டர்லூக்கின்-4, எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்களை ஐஜிஇ என்ற குறிப்பிட்ட வகைப் பொருளை ஆக்கும்படி திருப்பிவிடுகிறது. இன்டர்லூக்கின்-5, இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களை எலும்பு மஜ்ஜையில் பெருக்கி நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்கிறது. இன்டர்லூக்கின்-13, சளிச் செல்களைப் பெருக்குவதோடு தசையையும் எளிதில் சுருங்கும் நிலைக்குத் தள்ளுகிறது. இந்த மூன்று எண்களையும் மனத்தில் இருத்திக்கொண்டால், இன்றைய ஆஸ்துமா ஆய்வில் பாதியைப் பின்தொடர்ந்துவிடலாம்.

இதில் ஐஜிஇயைக் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. ஆனால் ஒவ்வாமையை உடலில் சுமந்து திரிவது எது என்பது அப்போது தெரியாது. 1921இல் பிராஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் உடலையே ஆய்வுக்களமாக்கினார்கள். கியூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது; பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கியூஸ்ட்னரின் இரத்த சீரத்தைச் சிறிதளவு பிராஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலில் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது, அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமை சீரத்தில் கரைந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் அது என்ன பொருள் என்று சொல்ல மேலும் 45 ஆண்டுகள் பிடித்தன. 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யொஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே அதைப் பிரித்தறிந்தனர். இரண்டும் ஒன்றே என்று 1968இல் முடிவாகி, இம்யூனோகுளோபுலின் இ என்று பெயர் சூட்டப்பட்டது. இரத்தத்தில் மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும் பொருள் என்பதால்தான் அத்தனை காலம் அது கைக்கு அகப்படவில்லை.

ஐஜிஇ எதிர்ப்பொருட்கள், திசுவுக்குள் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்களின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. அடுத்த முறை அதே துகள் வந்து அவற்றைப் பிணைத்ததும், மாஸ்ட் செல் தன்னுள் அடைத்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலான பொருட்களை நிமிடங்களுக்குள் கொட்டிவிடுகிறது. லூகோட்ரையீன் என்ற கொழுப்பு வழிப் பொருட்களையும் புதிதாகச் செய்து வெளியிடுகிறது. தசை இறுகி மூச்சு அடைக்கிறது. ஓரிரு மணி நேரத்தில் இது தானாகவே தணிகிறது. கதை இங்கே முடிந்தால் ஆஸ்துமா எளிய நோயாக இருந்திருக்கும். ஆனால் பலருக்கு, துகளைச் சுவாசித்து நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அடைப்பு வருகிறது. முதல் கட்டத்தில் வெளியான சைகைகளைப் பின்பற்றி இயோசினோஃபில்களும் டி செல்களும் அதற்குள் மூச்சுக்குழாய்க்கு வந்து சேர்ந்திருப்பதே காரணம். மாலையில் ஒரு தூசி படிந்த அறையைச் சுத்தம் செய்தவர் நள்ளிரவில் மூச்சுத் திணறி எழும்போது, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றாமல் போவது இதனால்தான்.

இந்த இரண்டாம் கட்டம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் குழாய் எதற்கெடுத்தாலும் சுருங்கும் பழக்கத்தைப் பெற்றுவிடுகிறது. குளிர்ந்த காற்று, புகை, ஓட்டம், ஏன், வாய்விட்டுச் சிரித்தல்கூடப் போதும். இவை ஒவ்வாமைப் பொருட்கள் அல்ல. ஏற்கெனவே புண்பட்ட குழாய் தாங்க மாட்டாதவை, அவ்வளவே. மெத்தகோலின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சுவாசிக்கச் செய்து, ஒரே விநாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு எந்தக் கட்டத்தில் 20 சதவீதம் குறைகிறது என்று பார்ப்பது இந்த மிகையுணர்வை அளக்கும் சோதனை.

சளியைப் பார்த்த மருத்துவர்

இனி மேலே சொன்ன பாடத்துக்கு வருவோம். 1879இல் ஜெர்மனியின் பால் எர்லிக், இரத்த அணுக்களுக்கு விதவிதமான சாயங்களை ஏற்றிப் பார்த்தபோது, சில வெள்ளையணுக்களின் உள்ளிருக்கும் மணிகள் மட்டும் இயோசின் என்ற சாயத்தை உறிஞ்சிப் பளிச்சென்ற செவ்விளஞ்சிவப்பாக ஒளிர்வதைக் கண்டார். அந்தச் சாயத்தின் பெயரே அணுவுக்கும் நிலைத்தது. சாயம் ஏற்றிய ஒரு சளிப் பூச்சை இன்றும் நுண்ணோக்கியில் பார்த்தால், இயோசினோஃபிலைத் தவறவிட முடியாது: இரு மடல்களாகப் பிரிந்த நீலக் கரு, அதைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய செம்மணிகள். ஆஸ்துமா நோயாளியின் சளியில் இவற்றோடு, இரு முனைகளும் கூரான, காந்த ஊசி போன்ற நிறமற்ற படிகங்களும் கிடக்கும். 1853இல் ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவரும் 1872இல் லைடன் என்ற ஜெர்மானிய மருத்துவரும் விவரித்ததால் அவற்றுக்கு ஷார்கோ-லைடன் படிகங்கள் என்று பெயர். கண்ணெதிரே இத்தனை சான்றுகள் இருந்தும், அவை நோயின் குப்பை என்றே நெடுங்காலம் கருதப்பட்டன.

1950களில் அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டுகள் வந்தபோது, பிரிட்டனில் 1956இல் வெளியான மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வு ஒன்று, நாட்பட்ட ஆஸ்துமாவில் அவற்றால் பெரிய பயன் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அங்கேயே டெர்பி நகரில் பணியாற்றிய ஹாரி மோரோ பிரவுன் என்ற மருத்துவர், மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளிகளின் சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டிருந்தார். 1958இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: சளியில் இயோசினோஃபில்கள் நிறைந்திருந்தவர்கள் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டால் நன்கு தேறினார்கள், அவை இல்லாதவர்களுக்கு அம்மருந்தால் பயனில்லை. இரு வகையினரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி பார்த்தால், பயன் கரைந்து காணாமல் போகத்தானே செய்யும். என் பார்வையில் ஆஸ்துமா ஆய்வு வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான கண்டுபிடிப்பு இல்லை. அதற்குத் தேவைப்பட்டவை ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் பொறுமை. ஆயினும் அந்தச் செய்தி பரவலான நடைமுறையாக மாறவில்லை.

அதற்கு மாறாக, 1960களில் குழாயை விரிக்கும் மருந்துகளே மேடையை நிறைத்தன. 1956இல் கைக்கு அடக்கமான அழுத்தக் குப்பி இன்ஹேலர் வந்துவிட்டிருந்தது. அதில் அடைத்துத் தந்த விரிப்பான் மருந்தின் நிவாரணம் உடனடியாகக் கிடைத்தது. வீரியம் மிகுந்த ஐசோபிரினலின் ஸ்பிரேக்கள் புழங்கிய காலத்தில் பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் ஃபெனோட்டிரால் என்ற வேறொரு மருந்தைச் சுற்றி அதே துயரம் திரும்பியது. மருந்தின் நேரடி நச்சு எவ்வளவு, மருந்து தந்த பொய்யான நிம்மதியில் உள்ளே முற்றிய அழற்சியைக் கவனியாமல் விட்டது எவ்வளவு என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. இரண்டாவது காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல: தசை தளர்ந்ததும் தவிப்பு குறைகிறது, ஆனால் வீக்கமும் சளியும் ஏறிக்கொண்டே போகின்றன. ஆஸ்துமாவால் இறந்தவர்களின் நுரையீரலைத் திறந்தபோது, சிறு குழாய்களை ஆணி அடித்தது போல அடைத்திருந்த சளிக்கட்டிகளே முதலில் கண்ணில் பட்டன.

1972இல் வந்த பெக்லோமெத்தசோன், ஸ்டீராய்டை மாத்திரையாக உடல் முழுவதும் அனுப்பாமல் மூச்சுக்குழாயின் சுவரிலேயே நேராகத் தூவும் வழியைத் திறந்தது. அதைத் தொடக்கத்தில் சோதித்து எழுதியவர்களிலும் மோரோ பிரவுன் இருந்தார். 1980களில் ப்ராங்கோஸ்கோப் வழியாக உயிரோடு இருப்பவர்களின் குழாய்ச் சுவரிலிருந்து கடுகளவு திசுவைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் பயாப்சி சாத்தியமானபோது, இலேசான ஆஸ்துமா உள்ளவர்களிடமும் உள்ளுறை உரிந்து, அடிச்சவ்வு தடித்து, இயோசினோஃபில்கள் குவிந்திருப்பது தெரிந்தது. இழுப்பு இல்லாத நாளில் அழற்சியும் இல்லை என்ற நம்பிக்கை அத்தோடு முடிந்தது. அறிகுறி மறைந்ததும் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இந்தக் கண்டுபிடிப்பின் நேரடி விளைவு. 2019இல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு அமைப்பு இன்னும் ஒரு படி சென்று, விரிப்பான் இன்ஹேலரை மட்டும் தனியே பயன்படுத்துவதையே பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. இலேசான ஆஸ்துமாவிலும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஏதேனும் ஒரு வடிவில் உடன் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

அளந்து பார்த்துக் கொடுத்தால்

சளிச் சோதனை இரண்டாம் முறை உயிர்பெற்றது 1990களில். செறிந்த உப்புநீரின் ஆவியைச் சுவாசிக்கச் செய்து, இருமி எடுத்த சளியில் செல்களை எண்ணும் முறை கனடாவிலும் பிரிட்டனிலும் செம்மையானது. 2002இல் பிரிட்டனின் லெஸ்டர் நகரக் குழுவினர் 74 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல அறிகுறிகளைக் கேட்டு மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். மறு பிரிவுக்குச் சளியிலுள்ள இயோசினோஃபில் எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தார்கள். ஓர் ஆண்டில் முதல் பிரிவில் 109 கடுமையான தாக்குதல்கள் நேர்ந்தன. இரண்டாம் பிரிவில் 35. இரு பிரிவினரும் பெற்ற ஸ்டீராய்டின் சராசரி அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மருந்து கூடவில்லை, உரியவருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பின்னணியோடு மெப்போலிசுமாப் என்ற மருந்தின் கதையைக் கேட்க வேண்டும். இயோசினோஃபில்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-5ஐப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் அது. 2000இல் வெளியான முதல் ஆய்வில், இலேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதை ஏற்றியபோது இயோசினோஃபில்கள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் ஒவ்வாமைப் பொருளைச் சுவாசித்த பின் வரும் அடைப்பிலோ குழாயின் மிகையுணர்விலோ மாற்றமில்லை. அடுத்து வந்த பெரிய ஆய்வும் ஏமாற்றம் தந்தது. ஆஸ்துமாவில் இயோசினோஃபில் குற்றவாளியே அல்ல, வெறும் வழிப்போக்கன் என்றுகூடச் சிலர் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு 2009இல் ஒரே நேரத்தில் இரண்டு சிறு ஆய்வுகள் வெளிவந்தன: லெஸ்டரிலிருந்து 61 பேரை வைத்து ஒன்று, கனடாவின் ஹாமில்டனிலிருந்து 20 பேரை வைத்து மற்றொன்று. இரண்டிலும் சளியில் இயோசினோஃபில் கூடுதலாக உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள். கணக்கிட்டதும் அன்றாட அறிகுறிகளை அல்ல, கடும் தாக்குதல்களை. தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்தன. அதே மருந்து, அதே நோய்ப்பெயர். மாறியது நோயாளியைத் தேர்ந்த விதமும் எதை அளப்பது என்ற கேள்வியும்தான். மோரோ பிரவுன் அரை நூற்றாண்டுக்கு முன் சொன்னதை இப்படித்தான் மறுபடி கற்றார்கள். மெப்போலிசுமாப் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதே பாதையில் வந்த மற்ற உயிரியல் மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐஜிஇயைப் பிடிக்கும் ஓமலிசுமாப் அமெரிக்காவில் 2003இலேயே வந்துவிட்டது. இயோசினோஃபிலின் மீதுள்ள ஏற்பியைப் பற்றி அந்த அணுவையே அழிக்கும் பென்ராலிசுமாப் 2017இலும், இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் வழியையும் ஒருசேர அடைக்கும் டூப்பிலுமாப் 2018இலும் ஆஸ்துமாவுக்கு அனுமதிக்கப்பட்டன. இவை எல்லோருக்குமானவை அல்ல. இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு, அழற்சியின் வகையை உறுதிசெய்த பிறகு கொடுக்கப்படுபவை.

வகையை உறுதிசெய்ய ஒவ்வொரு மருத்துவமனையிலும் சளியை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எளிய அடையாளங்கள் இரண்டு பழக்கத்துக்கு வந்துள்ளன. ஒன்று, இரத்தத்தில் இயோசினோஃபில் எண்ணிக்கை. மற்றொன்று, வெளிவிடும் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு. இன்டர்லூக்கின்-13 தூண்டிய உள்ளுறைச் செல்கள் இந்த வாயுவைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் அது உயர்ந்திருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1993இல் காட்டினார்கள். பெரியவர்களிடம் நூறு கோடிப் பங்கில் 25க்குக் கீழ் இருந்தால் இயோசினோஃபில் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு, 50ஐத் தாண்டினால் வாய்ப்பு அதிகம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. ஒரு கருவிக்குள் பத்து விநாடி சீராக ஊதினால் போதும்.

உள்ளுறை வெறும் சுவரல்ல

ஒவ்வாமையே இல்லாத சிலரிடமும், பெரும்பாலும் நடுவயதில் தொடங்கி, மூக்கில் சதை வளர்ச்சியோடு சேர்ந்து வரும் ஆஸ்துமாவில் இயோசினோஃபில்கள் குவிந்திருப்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஐஜிஇ இல்லாமல் இந்தப் படையைத் திரட்டியது யார்? 2010இல் அடையாளம் காணப்பட்ட ஒரு வகை நிணநீர் செல்கள் இதற்கு விடை தந்தன. குறிப்பிட்ட துகளை அடையாளம் காணும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. ஆனால் சைகை கிடைத்ததும் இன்டர்லூக்கின்-5ஐயும் 13ஐயும் தாராளமாகக் கொட்டும். சைகையை அனுப்புவது உள்ளுறைதான். வைரஸ், புகை, மாசு, நொதி எதனால் காயப்பட்டாலும் எபிதீலியச் செல்கள் இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25, டிஎஸ்எல்பி ஆகிய அபாயச் சைகைகளை வெளியிடுகின்றன. ஆக, வெறும் சுவர் என்று எண்ணியிருந்த அடுக்குதான் முதலில் மணியடிக்கிறது. டிஎஸ்எல்பியைத் தடுக்கும் டெசப்பெலுமாப் 2021இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இயோசினோஃபில் குறைவாக உள்ள சிலருக்கும் அது ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் காட்டியது, சைகையின் ஊற்றுக்கண்ணிலேயே தடுப்பதன் பலனாகத் தோன்றுகிறது.

இயோசினோஃபில் இல்லாத ஆஸ்துமாவைப் பற்றி இவ்வளவு நிறைவாகச் சொல்ல முடியாது. சிலரது சளியில் நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் மிகுந்திருக்கும்; சிலரிடம் எந்த அணுவும் மிகுந்திருக்காது. புகைப்பழக்கம், உடற்பருமன், நாட்பட்ட தொற்று ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஸ்டீராய்டுகள் இங்கே அவ்வளவாக எடுபடுவதில்லை. இன்றைய ஆய்வின் பெரிய வெற்றிடம் இதுதான்.

மூக்கைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வாமைத் தும்மலும் மூக்கொழுகலும் ஆஸ்துமாவும் வெவ்வேறு மருத்துவர்களிடம் போகும் வெவ்வேறு நோய்களாகவே இருந்துவந்தன. நெதர்லாந்து ஆய்வாளர்கள், மூக்கு ஒவ்வாமை மட்டுமே உள்ள, ஆஸ்துமா இல்லாத சிலரின் நுரையீரலில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் ஒவ்வாமைப் பொருளைச் செலுத்தினார்கள். அழற்சி மூக்கிலும் தோன்றியது. மூக்கில் மட்டும் வைத்தபோது மூச்சுக்குழாயிலும் தோன்றியது. 2000, 2001 ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகளுக்குப் பிறகு, மூக்கின் நுனி முதல் நுரையீரலின் அடிவரை ஒரே பாதை, ஒரே அழற்சி என்ற பார்வை வலுப்பெற்றது. ஆஸ்துமா அடங்க மறுக்கும்போது மூக்கையும் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

அழற்சியே எல்லாம் என்று சொல்லிவிட்டால் அதுவும் மிகையாகிவிடும். 2011இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், அழற்சியைக் கூட்டாமல் மெத்தகோலினால் குழாயைத் திரும்பத் திரும்பச் சுருங்க மட்டும் செய்தபோதும் அடிச்சவ்வு தடித்தது. 2024இல் லண்டன் ஆய்வாளர்கள், சுருங்கும் குழாயில் நெருக்குண்ட உள்ளுறைச் செல்கள் பிதுங்கி வெளியே தள்ளப்படுவதையும், அதனால் காயமும் சளியும் அழற்சியும் தொடர்வதையும் காட்டினார்கள். அழற்சி சுருக்கத்தை வரவழைக்கிறது. சுருக்கம் மீண்டும் அழற்சியை வளர்க்கிறது. நிவாரண இன்ஹேலர் தசையைத் தளர்த்தினாலும் அந்தக் காயம் அங்கேயே இருக்கிறது.

கடைசியாக, அந்த ஊசிப் படிகங்கள். அவை கேலக்டின்-10 என்ற புரதத்தால் ஆனவை, இறக்கும் இயோசினோஃபில்கள் விட்டுச்செல்பவை என்பது தெரிந்திருந்தும், வெறும் எச்சங்கள் என்ற பெயரே அவற்றுக்கு நிலைத்திருந்தது. 2019இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் அப்புரதத்தைக் கரைந்த நிலையிலும் படிக நிலையிலும் எலிகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பார்த்தார்கள். கரைந்த புரதம் எதுவும் செய்யவில்லை. படிகம் அழற்சியைத் தூண்டியது. படிகத்தைக் கரைக்கும் எதிர்ப்பொருட்களையும் அவர்கள் உருவாக்கி, நோயாளிகளிடமிருந்து எடுத்த சளியில் ஆய்வகத்தில் விட்டபோது, ஷார்கோ 1853இல் விவரித்த அந்தக் கூர்முனைகள் மழுங்கிக் கரைந்தன.